நகச்சாயம் பூசிய திருகு

அந்தத் தையல் கூடத்தில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடும் துணிச்சல் வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர் வாங்கிய பக்கத்து மெஷின்காரிக்கு மட்டும் உண்டு. பெண் பார்க்க வந்த இடத்தில், "கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போகக் கூடாது" என்ற வருங்கால மாமியாரிடம், "அப்போ உங்க பையனையும் நிறுத்திடுங்க, ரெண்டு பேருமா வீட்ல உக்காந்து உங்களைப் பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு, அதே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். இருபத்திரண்டு வருடமாக ஜன்னலோர மெஷின் அவளுடையது. அவள் கோபம் காரணமில்லாமல் வராது. வந்துவிட்டால் காரணத்தைத் தீர்க்காமல் போகாது.

இந்த முறை அந்தக் காரணம் கட்டைவிரல் அகலம் இருந்தது.

வேலை பனியன் துணியில் பக்கத் தையல். முன்பாகத்தையும் பின்பாகத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அக்குளிலிருந்து கீழ்விளிம்பு வரை ஒரே ஓட்டம். இரண்டும் ஒரே அளவில் வெட்டியவை. ஆனால் தைத்து முடித்தால் மேல்துணி மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. தையலும் படியாமல் நெளிகிறது. மூன்றே நாளில் அவளிடம் திரும்பி வந்த பீஸ்கள் ஒரு கூடை.

மேனேஜர் கூடையைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். "கையால இழுக்கறம்மா நீ. வயசாச்சு, நிதானம் போச்சு."

"கை அதே கைதான் சார். ஃபுட்டு அழுத்தம் ஜாஸ்தி. திருகைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்க."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள நெளியாம பத்து பீஸ் குடு. இல்லேன்னா கத்திரி மேசை."

கத்திரி மேசை கூடத்தின் கடைசியில், கழிப்பறைக் கதவை ஒட்டி இருந்தது. நாள் முழுக்க நின்றபடி நூல் பிசிறு வெட்ட வேண்டும். அங்கே போனவர்கள் யாரும் மெஷினுக்குத் திரும்பியதில்லை. அந்த வாரம் மட்டும் மூன்று பேர் போயிருந்தார்கள். மூவருக்கும் ஒரே பட்டம்: கை சரியில்லை.

விஷயம் இவ்வளவுதான். மெஷின் தலையில் ஒரு திருகு இருக்கிறது. அதை இறுக்கினால் உள்ளே சுருள்வில் அமுங்கி, ஃபுட்டு, அதாவது ஊசியடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் உலோகப் பாதம், துணியைக் கடுமையாக மிதிக்கும். தளர்த்தினால் இலேசாக உட்காரும். துணியை நகர்த்துவது பாதத்துக்குக் கீழே இருக்கும் பல். அது பிடிப்பது கீழ்த்துணியை. மேல்துணி அதோடு சேர்ந்து வர வேண்டும். மேலிருந்து பாதம் மிதித்தால் எங்கே வரும்? பின்தங்கும். அந்தப் பின்தங்கல்தான் கடைசியில் மிச்சமாக நீட்டிக்கொண்டு நிற்கும். துணி இழுபடுகிற ரகமாக இருந்தால் நெளிவு இலவசம். தடித்த ஜீன்ஸ் துணிக்கோ இலேசான அழுத்தம் போதாது. பல்லுக்குப் பிடி கிடைக்காமல் தையல் ஓரிடத்தில் நீளும், ஓரிடத்தில் குறுகும். அதனால் துணி மாறும்போதெல்லாம் தையல்காரிகளே திருகை அரைச் சுற்றோ ஒரு சுற்றோ திருப்பிக்கொள்வார்கள், உப்புப் பார்த்துப் போடுவதைப்போல.

அதைத்தான் மேனேஜர் நிறுத்தினார். ஆளுக்கொரு அழுத்தம் வைத்தால் ஆளுக்கொரு தையல் வரும் என்பது அவர் கட்சி. ஜீன்ஸ் ஆர்டர் ஓடியபோது எல்லா மெஷினையும் ஒரே அளவில் இறுக்கி, திருகின்மேல் சிவப்பு நகச்சாயத்தால் முத்திரை வைக்கச் சொன்னார். சாயத்தில் விரிசல் கண்டால் அந்த மெஷின்காரிக்கு வேலை போகும். பிறகு ஜீன்ஸ் போனது, பனியன் வந்தது. உத்தரவு மட்டும் போகவில்லை.

சாயம் பூசிய மெக்கானிக் மிளகாயின் சொந்தக் கொழுந்தன். அவன் மாடியில், இவள் கீழ்வீட்டில். அன்று சாயங்காலம் அவனை மாடிப்படியிலேயே மறித்தாள்.

"பனியனுக்கு இந்த அழுத்தம் ஆகாதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சும் பேசலையா? வாயையும் தைச்சு வெச்சிருக்கியா?"

"ஒரு தடவை சொன்னேன். மெக்கானிக் மெக்கானிக் வேலையைப் பாருன்னுட்டார். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"கத்திரி மேசையில நிக்கறவளுங்களுக்கு இல்லையா? அதுல ஒருத்தி உன் மூத்தவனுக்குச் சட்டை தைச்சுக் குடுத்தவ. அவ கை இப்போ கெட்டுப் போச்சா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "நாளைக்குச் சீக்கிரமே போயி உங்க மெஷினை மட்டும் தளர்த்திட்டுப் புதுசா சாயம் பூசிடறேன். பத்து பீஸ் தானா வரும். யாருக்கும் தெரியாது."

அவளுக்கு அப்போதுதான் உண்மையில் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்போ என் கை நல்ல கை, அவளுங்க கை கெட்ட கைன்னு நீயே முத்திரை குத்திடுவ. உன் உபகாரத்தை உங்க அண்ணனுக்குப் பண்ணு. அவர்தான் எதைக் குடுத்தாலும் வாங்கிப்பார்."

அன்று அந்த வீட்டுப் பாத்திரங்களுக்கு நல்ல நாள் இல்லை.

மறுநாள் மத்தியானம் மேனேஜர் வந்தபோது மேசையில் ஒரு பீஸ்கூட இல்லை. பக்கத் தையல் நீளத்துக்கு ஒரே அளவில் வெட்டிய இரண்டு பனியன் துணிப்பட்டைகள் மட்டும் இருந்தன. மிளகாய் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினாள். ஓரம் ஓரத்தோடு நின்றது. அவற்றைப் பாதத்துக்கு அடியில் வைத்தாள். பாதத்தை இறக்கினாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

"என்னம்மா, சரணாகதியா?"

"என் கையையே பாத்துக்கிட்டிருங்க சார்."

பெடலை மிதித்தாள். மெஷின் தானே துணியை வாங்கித் தானே தைத்துத் தள்ளியது. நூலை அறுத்துத் துணியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். மேல்பட்டை கட்டைவிரல் அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"கை படாமயே கை கெட்டுப் போச்சே" என்றாள் ரேடியோ.

"இந்த மெஷின் ஒண்ணு கெட்டிருக்கும்" என்றார் மேனேஜர்.

ரேடியோ இரண்டு பட்டைகளை வெட்டித் தன் மெஷினில் வைத்துக் கையைத் தூக்கினாள். அதற்கடுத்தவளும் தூக்கினாள். ஏழு மெஷின்கள் கையில்லாமல் ஓடின. ஏழிலும் அதே கட்டைவிரல்.

மேனேஜர் வரிசை ஓரத்தில் நின்ற மெக்கானிக் பக்கம் திரும்பினார். "ஏன்யா, இதை முன்னாடியே சொல்றதில்லையா?"

கொழுந்தன் தரையைப் பார்த்தான். பிறகு அண்ணியைப் பார்த்தான்.

"சொன்னேன் சார். பனியன் ஆர்டர் வரப்போகுதுன்னதுமே, போன மாசம் ஆறாம் தேதி, உங்க ரூம்ல."

மெதுவாகத்தான் சொன்னான். மெஷின்கள் நின்றிருந்ததால் எல்லார் காதிலும் விழுந்தது.

"சரி சரி, தளர்த்து. நீ உன் இடத்துல உக்காரும்மா."

அவள் உட்காரவில்லை. கத்திரி மேசைக்குப் போய் நின்று, ஒரு கத்திரியை எடுத்துப் பிசிறு வெட்டத் தொடங்கினாள். "முதல்ல இவங்க மெஷினைத் தளர்த்தட்டும். இவங்க உக்காந்தப்புறம் என்னுது."

எழுபது பெண்கள் மேனேஜரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கத்திரி மேசைக்காரிகளின் மெஷின்களைக் கையால் காட்டினார். கொழுந்தன் திருப்புளியால் சாயத்தைச் சுரண்டினான். அந்தப் பெண்கள் உட்கார்ந்தார்கள். எல்லாம் முடிந்ததும் மேனேஜர், "இப்போ மறுபடி சாயம் பூசிடு" என்றார்.

"சாயம் தீந்து போச்சு சார்" என்றான் கொழுந்தன். அரைக்குப்பிச் சிவப்பு அவன் சட்டைப் பையில் எட்டிப் பார்த்தது.

உட்கார்ந்தது இரண்டு பேர்தான். மூன்றாமவள் முந்தின நாளோடு நின்றுவிட்டாள். சாயங்காலம் மிளகாய் நெளிந்த பட்டையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

"நாளைக்கு வா. உன் மெஷினும் சரியாயிடுச்சு."

அவள் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எல்லார் முன்னாடியும் என் கை சரியில்லைன்னார் அக்கா. எல்லார் முன்னாடியும் கை சரிதான்னு சொல்லட்டும். வரேன்."

தன்னைவிடக் காரமான ஒருத்தியை மிளகாய் இதுவரை கண்டதில்லை.

"அதுவும் நியாயம்தான்" என்று சொல்லிப் பட்டையைத் திரும்ப வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "நாளைக்குக் காலையில சொல்ல வைக்கறேன். நீ வாசல்ல வந்து நின்னு கேளு."