மீன் கழுவிய தண்ணீரில் வளர்ந்த வேம்பு

எங்கள் தெருவில் அம்மன் கோயிலை ஆரம்பித்து வைத்தது நான். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற, கழுத்தில் மாதா சுரூபம் போட்டிருக்கிற நான். உனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டால் ஒரே பதில்தான். ஒரு மரத்தைக் காப்பாற்றத்தான் செய்தேன். காப்பாற்றிக் கிழித்தேன்!

ராயபுரத்தில் பிறந்த என்னைத் திருவொற்றியூரில் கட்டிக்கொடுத்தார்கள். கன்டெய்னர் லாரிகள் ஓடும் ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது தெரு. மேற்குப் பார்த்த வீடு, தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் உள்ளே இருந்தால் வெந்துபோவோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் பக்கம் வேலை பார்த்தவர். உழைத்த உழைப்புக்கு நெஞ்சில் இழுப்பை வாங்கிக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தார். அந்தப் புழுக்கத்தில் அவரால் மூச்சு விட முடியாது. வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பார். அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

ரயில்வே லைன் ஓரம் முளைத்திருந்த கன்றை அவர்தான் பிடுங்கி, பால் பாக்கெட்டில் மண்ணோடு கொண்டுவந்து நட்டார். நட்டதோடு அவர் வேலை முடிந்தது. வளர்த்தது நான். எங்கள் பக்கம் மரம் வளர்ப்பதென்றால் தண்ணீர் ஊற்றினால் மட்டும் போதாது, குளிப்பாட்டவும் வேண்டும். இலையை விரலால் தொட்டால் விரல் கருப்பாகும். அத்தனை கரித்தூள். என் உயரத்துக்கு வரும்வரை வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்திருக்கிறேன். தெருவே சிரித்தது. சிரிக்கட்டுமே, எனக்கென்ன?

நல்ல தண்ணீர் எங்களுக்கே லாரியில்தான் வரும், மரத்துக்கு எங்கே போக? அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவின தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலாக மீன் கழுவின தண்ணீர். காசிமேட்டிலிருந்து மத்தி வாங்கி வருகிற அன்றைக்கெல்லாம் மரத்துக்கு விருந்து. ரத்தமும் செதிலுமாக வேரடியில் கொட்டுவேன். அது வளர்ந்த வளர்த்தியைப் பார்க்க வேண்டுமே! பத்து வருஷத்தில் எங்கள் கூரை முழுக்க அதன் நிழலுக்குள் வந்துவிட்டது.

அப்போதுதான் மழைநீர் வடிகால் வேலை வந்தது. கான்ட்ராக்டர் ஆள் ஒருவன் டேப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான். மரத்தைச் சுற்றி வந்து பார்த்தான், சிவப்புப் பெயின்ட்டில் பட்டையில் பெருக்கல் குறி போட்டான். நான் ஓடிப்போய்க் கேட்டேன்.

"ரெண்டடி தள்ளித் தோண்டுனா உனுக்கு இன்னாப்பா கொறஞ்சிடும்?"

"பிளான்ல நேராத்தான் கீதுமா. நாளைக்குக் காலைல மிஷின் வருது. ஐயாவ உள்ள குந்தச் சொல்லு."

வார்டு ஆபீசுக்கு ஓடினேன். நாளை வா என்றார்கள். நாளைக்கு வந்தால் மரம் இருக்காதே என்றேன். அப்படியானால் நாளை மறுநாள் வா என்றார்கள். திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

எதிர் வீட்டில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்கா பார்த்துவிட்டு வந்தாள்.

"இன்னாமே இப்டி குந்திகினு கீற?"

சொன்னேன்.

"இவ்ளோதானா? ஒரு மஞ்சத்துணிய கட்டு, அடியில ஒரு கல்ல வையி. அம்மா வந்து குந்திட்டான்னு தெரிஞ்சா எவன் கை வெப்பான்?"

"நான் வேதக்காரிக்கா, மாதா கோயிலுக்குப் போறவ."

"மரத்துக்கு இன்னா வேதம் கீது? போவியா!"

விடியற்காலை பால்காரர் வருவதற்குள் இருவருமாகச் செய்தோம். மஞ்சள் துணி அவளுடையது. கல்லும் அவளுடையதுதான், உடைந்துபோன பழைய ஆட்டுக்கல்லின் குழவி. அதைத் தூக்கிக்கொண்டு போய் வேரடியில் நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தது என் கை. எந்த நிமிஷத்தில் மிஷின் வருமோ என்று கை வெடவெடவென்று நடுங்கியது. பெயின்ட் குறி மேலேயும் மஞ்சளை அப்பினேன். மாதாவே மன்னிச்சுக்கோ என்று சொல்லிக்கொண்டேதான் அப்பினேன்.

மிஷின் வந்தது. ஓட்டுகிறவன் இறங்கிப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். பிளானாவது மண்ணாவது! வடிகால் எங்கள் வாசலில் அழகாக வளைந்து போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது மாதா கோயில் சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பரிகாரமாக மூன்று முறை அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியுமா? ஆடி மாதம் யாரோ கூழ் ஊற்றினார்கள். அடுத்த ஆடிக்கு நாற்பது பானை வந்தது. லாரி ஓனர் ஒருவர் தலைவராகிக் கமிட்டி போட்டார். நல்ல மனுஷர்தான், என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குத் தன் வண்டியில் கொண்டுபோனவர். ஆனால் பக்தி வந்துவிட்டால் அவருக்குக் காது கேட்காது. மரத்தைச் சுற்றி மேடை கட்டினார். மேடைக்கு டைல்ஸ் போட்டார். தண்டில் ஆணியடித்து சீரியல் பல்பு மாட்டினார். மேடை வந்ததும் நாற்காலி போட இடமில்லாமல் போனது. என் வீட்டுக்காரர் எங்கள் சுவரோரம் மிச்சமிருந்த நிழலுக்கு ஒதுங்கினார்.

"தண்டச் சுத்தி ஒரு மொழமாச்சும் மண்ணு வுடுங்க, தண்ணி எறங்கணும்" என்று கெஞ்சினேன்.

"யக்கா, அம்மா காலடியில சேறா? கலீஜா கீதுன்னு நாலு பேரு சொல்ல மாட்டான்?"

சிமென்ட் தண்டை ஒட்டி ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு, டைல்ஸ் சந்தில் இறங்கட்டும் என்று வழக்கம்போல் மீன் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினேன். அவ்வளவுதான், கும்பிட வந்த பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அம்மன் மேலேயா மீன் தண்ணி ஊற்றுகிறாய் என்று ஒரு சத்தம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்களுக்கு அது அம்மன். எனக்கு மட்டும்தான் மரம். அன்றிலிருந்து வாளியோடு வாசல்படி தாண்ட முடியவில்லை.

மரம் நுனியிலிருந்து காய ஆரம்பித்தது. முதலில் வடக்குக் கொம்பு. அடுத்த கோடையில் பாதி. ஒரு காற்றுக்குக் காய்ந்த கொம்பு விழுந்து மேடைக்கு மேல் போட்டிருந்த தகரக் கூரையை உடைத்தது. உடனே கமிட்டி கூடியது. மரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அம்மனுக்குக் கோபுரத்தோடு கோயில் எழுப்பலாம் என்றார்கள். மரம் ஆபத்து என்று எழுதிக்கொடுத்து வார்டு ஆபீசில் அனுமதிக் கடிதமும் வாங்கிவிட்டார்கள். மீதி இருந்தது அம்மன் உத்தரவு. அதற்குப் பூ கேட்பது என்று முடிவானது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. எடுத்தது வெள்ளை என்றால் அம்மன் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம்.

மாதா கோயில் பூசை முடிந்து நான் வந்த ஞாயிற்றுக்கிழமை. தெருவே கூடி நிற்கிறது. பூசாரி பொட்டலங்களைப் போட்டுவிட்டார். பாதி மரம் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது, சிமென்ட்டை உடைத்தால் பிழைத்துக்கொள்ளும். எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விட்டேன்.

"பூவும் வேணாம் ஒண்ணும் வேணாம்! இந்தக் கல்ல வெச்சது நான். மரத்த வெட்ட வந்தாங்கோ, அதுக்கோசரம் வெச்சேன். அது இட்லிக்கடக் குழவிக் கல்லு. வேணும்னா அக்காவக் கேளுங்க!"

அடி விழும் என்றுதான் நின்றேன். விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஓனர் திரும்பி, "மெய்யாலுமா?" என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மெய்தான். நானும் கூட இருந்தேன். கல்ல வெக்கறப்போ இவளுக்குக் கை காலெல்லாம் நடுங்கிச்சு. வேதக்காரி கைல அம்மா எறங்கிட்டா. அன்னிக்கே எனுக்குத் தெரியும்."

அவள் பொய் சொன்னாளா, இத்தனை வருஷத்தில் நம்பவே ஆரம்பித்துவிட்டாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பெண்கள் குலவையிட்டார்கள். ஓனர் கண் கலங்கி என் காலைத் தொட வந்தார். நான் கத்தினேன், அது அம்மன் வந்த நடுக்கமில்லை, பயம் என்று கத்தினேன். அதற்கும் குலவைதான். பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை.

இரண்டு நாளில் வெட்டி முடித்தார்கள். மத்தியானம் வெயில் எங்கள் படுக்கைவரை வந்தது. என் வீட்டுக்காரர் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டின் கிழக்குப்புறம், சாக்கடைச் சந்தில் போய் உட்கார ஆரம்பித்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கும்பாபிஷேகத்துக்கு என்னை மேடையேற்றினார்கள். மாற்று மதத்துச் சகோதரி கையால் எழுந்தருளிய அம்மன் என்று பேனரில் என் போட்டோ. பொன்னாடை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார் ஓனர். பேச எனக்கு நிறைய இருந்தது. ராத்திரியெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்து வைத்திருந்தேன். முன்வரிசையில் என் வீட்டுக்காரருக்கென்று ஒரு நாற்காலி போட்டு, அவர் பக்கமாக ஃபேனைத் திருப்பி வைத்திருந்தார்கள். அந்தக் காற்றில் அவர் கண்ணை மூடி, இழுப்பில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நிழல்தான் போய்விட்டது, இனி இந்த ஃபேனுக்கும் இவர்களைத்தான் கேட்க வேண்டும்.

"எல்லாம் அம்மன் அருள்" என்றேன். கை தட்டினார்கள்.