மஞ்சளாக எரிந்த பர்னர்

வெள்ளிமலையில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் பேக்கரி. போர்டில் பேக்கரி என்று பெரிதாக இருக்குமே தவிர, உள்ளே ஒரு கேஸ் ஓவன், மாவு பிசைகிற மெஷின் ஒன்று, நான், என் மனைவி, அவ்வளவுதான். காலையில் கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்கு டீயும் பன்னும், மத்தியானத்துக்கு மேல் பப்ஸ். ஓவன் படுத்துக்கொண்டால் எங்கள் பிழைப்பும் படுத்துவிடும். அது போய்ப் போய் என் மனைவிக்கு மூன்றாவது மாதம் நடக்கிற நேரத்தில் படுத்தது.

அதற்கு முந்தின வருஷம் ஐந்தாவது மாதத்தில் ஒரு பிள்ளை எங்களுக்குத் தங்காமல் போயிருந்தது. காரணம் டாக்டருக்கே தெரியவில்லை. காரணம் தெரியாமல் ஒன்றைப் பறிகொடுத்தால் பார்ப்பதெல்லாம் காரணமாகத் தெரியும். மலைப்பாதையில் ஜீப் குலுக்கியதாலா, மாவு மூட்டையை அவள் நகர்த்தியதாலா, அன்றைக்கு நான் போட்ட கத்தலாலா? எனக்குக் கோபம் வருகிற வேகத்தில் தைரியம் வராது. அதனால் இந்த முறை நாங்கள் பயத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஆரம்பத்தில் அவளுக்கு வாந்தி அதிகமாக இருந்ததால் கடையைப் பூட்டிவிட்டு வடக்கனந்தலில் அவள் அம்மா வீட்டில் சில வாரங்கள் இருந்தோம். திரும்பி வந்து ஓவனைப் பற்றவைத்த அன்றே தீ சரியில்லை. நீலமாக, சீறிக்கொண்டு எரிய வேண்டியது, மஞ்சளாகத் தூங்கி வழிந்துகொண்டு எரிந்தது. தட்டுகளுக்கு அடியில் கரி படிந்தது. பன் அடிப்பக்கம் கறுத்து, உள்ளே வேகாமல் வந்தது. "இன்னாங்க, கண்ணு பட்டுடும்னு பன்னுக்கு மை வெச்சிட்டீங்களா?" என்று ஒரு ஜீப் டிரைவர் கேட்டார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பன்னை விடுங்கள். ஓவன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாலே அவளுக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. மசக்கை என்றாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்ள விரும்பினேன். ஆனால் கடைக்கு வெளியே போய் உட்கார்ந்தால் அவளுக்குத் தேவலையாகி விடும். அது என்ன மசக்கை, ஓவனைக் கண்டால் மட்டும் வருவது என்று மனது அரித்துக்கொண்டே இருந்தது.

முதலில் சிலிண்டர் மேல் சந்தேகப்பட்டேன். கொண்டுவந்து போடுகிறவரோடு ஒரு சண்டை. வேறு சிலிண்டர் மாட்டினேன், அதே மஞ்சள். ரெகுலேட்டரை மாற்றினேன், டியூபை மாற்றினேன், பர்னர் துளைகளைப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பாக்கி இருந்தது பின்பக்கம்தான். சுவருக்கும் ஓவனுக்கும் நடுவில் என் கை நுழையாது. அவள் கைதான் நுழையும், தினமும் அவள்தான் துடைப்பாள். அங்கே ஏதாவது அடைத்திருக்கிறதா என்று கேட்டதற்கு, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றாள்.

கள்ளக்குறிச்சியில் ஹோட்டல் அடுப்பும் பேக்கரி ஓவனும் பார்க்கிற மெக்கானிக் ஒருவரைப் பிடித்தேன். தீ என்ன நிறம் என்று போனில் கேட்டார். கடை கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்ததா என்று கேட்டார். நானே வந்து பார்க்கிறேன் என்றார். அதை வந்து சொன்னதும் என் மனைவியின் முகம் வாடிவிட்டது. எதற்கு வீணாக ஆளை வரச்சொன்னீர்கள், தானாகச் சரியாகிவிடும் என்றாள். இரும்பு எங்கேயாவது தானாகச் சரியாகுமா என்று நான் எகிறினேன்.

அவர் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். இரண்டு பேருமாக ஓவனைச் சுவரிலிருந்து இழுத்தோம். பர்னரின் வால்பக்கம், அது காற்று வாங்குகிற வாயில், அவர் செல்போன் வெளிச்சத்தை அடித்தார். கட்டைவிரல் பருமனுக்கு ஒரு குளவிக்கூடு. ஈர மண்ணை உருட்டி உருட்டி அந்த வாயில் முக்கால்வாசியை அடைத்திருந்தது. சுற்றிலும் ஒரு தூசி இல்லை, பளிச்சென்று துடைத்திருந்தது. அவர் ஸ்குரு டிரைவரை எடுத்தார். என் மனைவி சடாரென்று குனிந்து கூட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"அத்தக் கலைக்காதீங்க," என்றாள்.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் குளவி கூடு கட்டினால் நல்லது நடக்கும், அதைக் கலைத்தால் வயிற்றிலிருப்பதற்கு ஆகாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். கடையைத் திறந்த அன்றே அவள் அதைப் பார்த்திருக்கிறாள். இத்தனை நாளும் கூட்டைச் சுற்றித்தான் துடைத்திருக்கிறாள், எனக்குத் தெரிந்தால் தட்டிவிடுவேன் என்று பயந்து. எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவ்வளவு படிப்பு படித்துவிட்டா இப்படி என்று கத்த வாயைத் திறந்தேன். போன வருஷம் வீட்டில் ஏதாவது கூட்டைக் கலைத்தோமா என்று அதே நேரத்தில் நானும் யோசித்துக்கொண்டிருப்பது தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

மெக்கானிக் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவசரப்படவில்லை.

"கேஸ் எரியறதுக்குக் காத்து வேணும்மா. காத்து கம்மியாப் போனா கேஸ் வெந்தும் வேகாம ஒரு பொகையா வருது. கண்ணுக்கும் தெரியாது, வாசனையும் வராது. தலவலி இருக்குதா ஒனக்கு?"

அவள் தலையாட்டினாள்.

"ஒனக்கு வலிச்சா நீ வெளிய போய் ஒக்காந்துக்கற. உள்ள இருக்கறது எங்கம்மா போவும்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள். கேஸ்காரர், ஜீப் டிரைவர், எல்லாரிடமும் நீளுகிற என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எடு என்று சொல்லி ஏதாவது ஆகிவிட்டால்? எடுக்காதே என்று சொல்லி ஏதாவது ஆகிவிட்டால்? கடைசியில் அவளே கையை எடுத்தாள். "எடுத்துடுங்கண்ணா," என்று சொல்லிவிட்டு, கடை வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டாள்.

கூடு ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்து அவர் கையில் உடைந்தது. நான் குனிந்து பார்த்தேன். குஞ்சுக்கு இரையாகக் குளவி அடைத்து வைத்த சின்னச் சின்ன சிலந்திகள் காய்ந்து கிடந்தன, நடுவில் அந்தக் குஞ்சுப் புழு. ஓவன் சூட்டில் வெந்து, பொரி மாதிரி வெளுத்து விறைத்திருந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உள்ள இன்னா இருக்குது?" என்று அவள் திரும்பாமலே கேட்டாள்.

அவர் கையை மூடிக்கொண்டார். "ஒன்னியும் இல்லம்மா. வெறுங்கூடு. எப்பவோ பறந்துபோய்டுச்சி."

பிறகு அவர் பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். தீ நீலமாகச் சீறியது. பின் ஜன்னலை மூடாதீர்கள் என்றும், எதற்கும் ஒரு முறை டாக்டரிடம் காட்டுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு பன் பொன்னிறமாக வந்தது. அவளுக்குத் தலைவலி வரவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு நான் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

மறுநாள் கள்ளக்குறிச்சிக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். குழந்தையின் நெஞ்சு தடதடவென்று அடிப்பதை டாக்டர் எங்களுக்குக் கேட்க வைத்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவள் அழவில்லை. கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

திரும்பும்போது பஸ் மலை ஏறத் தொடங்கியதும் என் தோளில் சாய்ந்துகொண்டாள். மெக்கானிக் அண்ணன் நல்ல மனுஷன் என்றாள். ஆமாம் என்றேன்.

"தெனம் அந்தக் கூட்டப் பாத்துக்கினுதான இருந்தேன். அதுல ஒரு ஓட்டகூட இல்லிங்க. ஓட்ட போடாம அது எப்படிப் பறக்கும்?"

முந்தின ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கும்போது அவள் எதை மனதில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் படுத்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.