அத்தானின் வலது கால்

என் அக்காவின் கணவர் முப்பத்து நான்கு வருஷம் வண்டி ஓட்டினார். அந்த முப்பத்து நான்கு வருஷத்தில் அவர் ஹாரன் அடித்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். முன்னால் மாடு நின்றாலும் மந்திரி நின்றாலும் அவர்களாக விலகும்வரை காத்திருப்பார். "அவனுக்கும் கண்ணு இருக்குல்ல, பாத்துப் போவான்" என்பார். வண்டி நிறுத்தத்தில் அவருக்கு 'ஊமை ஹாரன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்காக அவர் கோபப்பட்டதில்லை. கோபம் என்ற சரக்கே அவரிடம் கிடையாது. எங்கள் குடும்பத்தில் அதற்கு நான் ஒருவன் போதும்.

நான் மெக்கானிக். என் பட்டறைச் சுவரில் ஏழு ஆணிகள், ஏழு ஆணியிலும் ஏழு துணிகள். எஞ்சினைப் பிரித்தால் திறந்து கிடக்கும் வாய்களையெல்லாம் துணியால் அடைத்துவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். இல்லையென்றால் ஒரு நட்டோ வாஷரோ உள்ளே விழுந்து உயிரை வாங்கும். தொழிலுக்கு வந்த புதிதில், அடைத்த துணியை எடுக்காமலேயே ஒரு எஞ்சினை மூடிவிட்டு முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்று பிடித்த பழக்கம்தான் இந்த ஏழு ஆணி. ஏழும் நிறைந்தால்தான் வண்டி வாசலைத் தாண்டும். 'ஏழு துணிக்காரர்' என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். எனக்கு அது பட்டம் வாங்கியதுபோல இருக்கும்.

அத்தான் ஒரு பெரிய மருத்துவமனையின் நர்ஸுகளை வேலைக்குக் கொண்டுபோய் விட்டு, திரும்பக் கூட்டிவருவார். அவருடையது ஏழு பேர் உட்காரும் பழைய பெட்ரோல் வண்டி. காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்து பெண்கள். யார் எந்த வாசலில் நிற்பாள், யாருக்கு ஜன்னல் ஓரம் வேண்டும், யாருக்குப் போகும் வழியில் பத்து நிமிஷம் தூக்கம் வேண்டும் என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. வண்டியில் அவர் பேசமாட்டார். ஆனால் அந்தப் பெண்கள் வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் அந்த வண்டியில்தான் பேசுவார்கள். "அண்ணன் காதுல விழுந்தா கெணத்துல விழுந்த மாதிரி" என்று ஒருத்தி அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்.

அவரிடமும் ஒரு துணி உண்டு. மஞ்சள் துணி. முன்கண்ணாடி துடைப்பதற்கு. தினமும் துவைத்து, நான்காக மடித்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். அதை வேறு யாரும் தொடக்கூடாது. அவருக்கு இருந்த ஒரே முரட்டுப் பிடிவாதம் அதுதான்.

போன வருஷம் அவர் வண்டியின் எஞ்சினில் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். எஞ்சினைப் பிரித்து மாற்றி மூட இரண்டு நாள் வேலை. இரண்டு நாளும் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் சொந்தக்காரனைச் சேர்த்துவிட்டு வாசலில் இருப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்தது. சுவரைப் பார்த்தேன். ஏழு ஆணியிலும் ஏழு துணி. சாவியைக் கொடுத்தேன்.

மறுநாள் மாலையே வந்து நின்றார்.

"மச்சான், என் மஞ்சத் துணியப் பாத்தியா? வண்டியில காணோம்."

"அத்தான், நான் எஞ்சினப் பாக்குறவன், உங்க துணிய இல்ல. எங்கயாவது வச்சு மறந்திருப்பீங்க. வயசு அறுபத்தொண்ணு ஆகுதே, தெரியுதா?"

அவர் சிரித்துவிட்டு, போகும் போக்கில் சொன்னார். "இன்னொண்ணு. மேம்பாலம் ஏறும்போது வண்டிக்கு மூச்சு முட்டுதுடா. பாதியில தெணறுது. எறக்கத்துல சரியாயிடுது."

வண்டிக்கு என்ன கோளாறு என்று அன்றைக்கே அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். மூச்சு முட்டுகிறது. இதைவிடத் தெளிவாக எவன் சொல்லுவான்? எனக்குத்தான் காது இல்லை.

பார்த்தேன். பார்க்காமல் இல்லை. ஏர் பில்டரைக் கழற்றினேன், சுத்தமாக இருந்தது. பிளக்கை மாற்றினேன். பெட்ரோல் பம்பைப் பார்த்தேன். கோளாறு காட்டும் கணினியை மாட்டினேன், அது ஒரு குறையும் இல்லை என்றது. நின்ற இடத்தில் எஞ்சின் பூனைபோலச் சத்தமில்லாமல் ஓடியது. நான் தனியாக எடுத்துப் போய்ப் பாலத்தில் ஏற்றினேன். நன்றாகத்தான் ஏறியது.

"ஆளுங்கள ஏத்திக்கிட்டு ஏறிப் பாருடா" என்றார்.

"ஆளுக்கு எங்க போறது? எனக்கு இங்க நாலு வண்டி நிக்குது."

அடுத்த வாரம் மறுபடி வந்தார். அதற்கு அடுத்த வாரமும். மூன்றாம் தடவை பட்டறையில் வேறு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் எதிரில், நான் வேலை பார்த்த வண்டியில் குறை என்று இவர் வந்து நிற்பது எனக்குச் சுருக்கென்றது. நாக்கு நீண்டுவிட்டது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அத்தான், என் கையில ஓடுற வண்டி உங்க கையில ஏன் ஓடல? வண்டியில கோளாறு இல்ல. உங்க வலது கால்ல கோளாறு. ஆக்சிலேட்டர அழுத்துறோம்னு நெனச்சுக்கிட்டு அழுத்தாம இருக்கீங்க. வயசானா அப்பிடித்தான். துணிய எங்க வச்சோம்னு தெரியல, காலு எங்க இருக்குன்னு தெரியல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தான் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். வலது காலைத் தரையில் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"அப்பிடியும் இருக்கும்" என்றார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இதுதான் அவர் குணம். இருபத்தாறு வருஷமாக அவர் வண்டியை நான்தான் பார்க்கிறேன். பிரேக் சரி என்று நான் சொன்னால் அவர் அழுத்திக்கூடப் பார்க்கமாட்டார், ஐந்து பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த நம்பிக்கைக்கு நான் என்ன தகுதி என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் பட்டறைக்கு வரவில்லை. அக்காதான் ஒருநாள் போனில் சொன்னாள். "ஒங்க அத்தான் டாக்டர்கிட்ட போயிருக்காருடா. கால்ல ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டாங்க. இவரு நம்பல. டாக்டருக்கு எஞ்சினப் பத்தி என்னா தெரியும்கிறாரு." நான் அதற்கும் சிரித்தேன்.

விபத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை நடந்தது. வண்டியில் ஐந்து பேர். மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் வண்டி திணறியிருக்கிறது. கியரைக் குறைத்து மிதித்திருக்கிறார். வேகம் ஏறவில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் பிரேக் பிடித்தான், பிடித்தும் இடித்துவிட்டான். பின் இருக்கையில் இருந்த பெண்ணுக்கு வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதமே ஆன பெண். குழந்தைகள் வார்டு. அழும் பிள்ளைக்கும் ஒரே குத்தில் நரம்பைக் கண்டுபிடித்து ஊசி போடுவாள் என்று பேர் எடுத்திருந்தவள். இப்போது அந்தக் கையால் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

லாரிக்காரன்மேல்தான் தப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். போலீஸ்காரர் எழுதுவதற்குத் தயாராகத்தான் இருந்தார். அத்தான் விடவில்லை.

"அவர் மேல தப்பில்ல சார். வண்டியிலயும் ஒண்ணும் இல்ல. என் மச்சான் நல்லாப் பாத்துட்டான். என் காலுதான் சார் சரியா அழுத்தல. தெரிஞ்சும் ஓட்டிட்டேன்."

சொன்னதைச் சொன்னபடி எழுதிக் கையெழுத்தும் போட்டார். மறுவாரம் யாரும் கேட்காமலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், லைசென்ஸைக் கவுண்டரில் வைத்துவிட்டு வந்தார். திருப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னார்களாம். "இன்னொரு பொண்ணு கை போறதுக்கா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

நான் போய்ப் பார்த்தேன். ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் தெரியுமா? "விடுங்க அத்தான், வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்." இந்த வாயை என்ன செய்வது?

இரண்டு மாதம் கழித்து, வண்டியை விற்றுவிடலாம் என்றாள் அக்கா. வாசலில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் செத்துப்போகிறதாம். பட்டறைக்கு இழுத்துவந்து, நசுங்கிய பின்பக்கத்தை நிமிர்த்தி, சாயம் அடித்து நிறுத்தினேன். வாங்குவதற்கு ஒருவர் குடும்பத்தோடு வந்தார். முப்பது வயதிருக்கும், வாட்டசாட்டமான ஆள். மனைவி, அம்மா, தம்பி, இரண்டு பிள்ளைகள் என்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மேம்பாலம் வரை போய்வருகிறேன் என்று கிளம்பினார். கால் மணி நேரத்தில் திரும்பினார்.

"என்ன மெக்கானிக்கே, பாலத்துல ஏற மாட்டேங்குது? பாதியில மூச்சு முட்டுது."

அதே வார்த்தை.

நான் அவர் காலைப் பார்த்தேன். பெரிய, திடமான கால். அவர்களை ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வண்டியைத் திறந்தேன். இந்தத் தடவை, நானே மாட்டியது என்பதால் நான் தொடாமல் விட்டிருந்த இடத்தில் கைவைத்தேன். ஏர் பில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கறுப்பு ரப்பர்க் குழாய். கிளிப்பைத் தளர்த்திக் குழாயை உருவினேன். எஞ்சின் வாய்ப்பக்கமாக, வளைவுக்குள் சுருண்டு கிடந்தது மஞ்சள் துணி.

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. கேஸ்கட் வேலையின் இரண்டாம் நாள். என் ஏழு துணிகளும் ஏழு இடத்தில் இருந்தன. குழாயின் வாய் ஒன்று மட்டும் திறந்து கிடந்தது, என் இரண்டு கையிலும் கிரீஸ். "அத்தான், ஏதாவது ஒரு துணி குடுங்க, சீக்கிரம்" என்று கத்தினேன். யாரையும் தொடவிடாத அந்தத் துணியை அவர் ஓடிப்போய் எடுத்துவந்து நீட்டினார். நான் வாங்கித் திணித்தேன். அந்த அவசரத்தில் கொடுத்ததை அவரும் மறந்தார், வாங்கியதை நானும் மறந்தேன். சாயங்காலம் சுவரைப் பார்த்தேன். ஏழு ஆணி, ஏழு துணி. கணக்கு சரியாகத்தான் இருந்தது. எட்டாவது துணிக்கு என் சுவரில் ஆணி இல்லை.

மெதுவாகப் போனால் காற்று துணியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பாரம் ஏற்றி மேட்டில் மிதித்தால், எஞ்சின் இழுக்கிற இழுப்பில் துணி போய் வாயில் அப்பிக்கொள்ளும். காலை எடுத்தால் விழுந்துவிடும். இதைப் புரிந்துகொள்ள ஒரு மெக்கானிக்குக்கு ஐந்து நிமிஷம் போதும். துணி காணோம் என்றும் மூச்சு முட்டுகிறது என்றும் அந்த மனிதர் ஒரே மூச்சில் என்னிடம் சொன்னார். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்திருக்கிறேன். அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு பட்டறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுது என்ன பயன்?

அக்கா வீடு மாடியில், தெருவைப் பார்த்த அறை. அத்தான் ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வலது காலுக்கு அடியில் ஒரு சிவப்பு ரப்பர்ப் பந்து. காலுக்குப் பலம் வர, மணிக்கட்டு உடைந்த அந்தப் பெண்ணே கொடுத்தனுப்பியது. காலையில் நூறு தடவை, மாலையில் நூறு தடவை அழுத்துகிறாராம். அழுத்தி அழுத்தி எண்ணிக்கொண்டிருந்தார். நான் துணியை நீட்டினேன்.

"அட, என் துணி! எங்கடா கெடச்சுது?"

"எஞ்சினுக்குள்ள இருந்துச்சு அத்தான். காத்துக் கொழாயில. நான்தான் அடைச்சு வச்சிட்டு எடுக்க மறந்துட்டேன். அதுதான் வண்டி திணறியிருக்கு. உங்க கால்ல ஒரு கோளாறும் இல்ல. எல்லாம் நான் பண்ணுனது."

அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். உள்ளே போய்விட்டாள். அவள் நம்பிவிட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை என்னிடம் பேசவில்லை.

அத்தான் சிரித்தார்.

"ஒங்க அக்கா சொல்லிக் குடுத்தாளா? எனக்காகப் பொய் சொல்லாதடா. ஏழு துணிய எண்ணிப் பாத்துட்டுத்தான் நீ சாவியவே குடுப்பேன்னு எனக்குத் தெரியாதா?"

"அத்தான், சத்தியமாச் சொல்றேன். வாங்குறதுக்கு வந்தவர் ஓட்டினாரு, அவருக்கும் ஏறல..."

"நீதான் அன்னிக்கே சொன்னியே, எங்கயாவது வச்சு மறந்திருப்பேன்னு. அதான் நடந்திருக்கு. என் மனசு ஆறட்டும்னு இப்ப பழியத் தூக்கித் தலையில போட்டுக்குற. வேணாம்டா. உன் பட்டறப் பேரு என்ன ஆகுறது?"

நான் அவர் காலடியில் உட்கார்ந்தேன். வலது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் என் தலையில் கைவைத்துத் தட்டிக்கொடுத்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தட்டிக்கொடுப்பதுபோல.

"இருபத்தாறு வருஷத்துல நீ சொன்னது ஒண்ணுகூடத் தப்பானதில்ல மச்சான்" என்றார். "துணியக் கண்டுபிடிச்சுக் குடுத்தியே, அது போதும்."

துணியை முகர்ந்து பார்த்து, பெட்ரோல் வாடை என்று முகம் சுளித்து, நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என் கையிலிருந்து காலை மெல்ல விடுவித்துப் பந்தின் மேல் வைத்தார். அறுபத்தொன்று, அறுபத்திரண்டு என்று விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினார். பந்து அவர் காலடியில் நன்றாகவே அமுங்கியது.