பொட்டு வைத்த டப்பா

அவனியாபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் தவசிக்கு ஒரு பழக்கம் உண்டு. எரிந்துபோய் வந்த கிணற்று மோட்டாரைப் பிரித்து, புதுக் கம்பி சுற்றி, ஓட்டிப் பார்த்து மனசுக்குத் திருப்தியானால், அதன் தலையில் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிடுவான். பொட்டு இருந்தால் வேலை முடிந்தது, இல்லையென்றால் பாக்கி. எழுதி ஒட்டுகிற சோலியெல்லாம் அவனுக்கு ஆகாது. இருபது மோட்டார் வரிசையாகக் கிடந்தாலும் கடையில் குழப்பம் வந்ததில்லை.

அப்படிப்பட்டவனுக்குச் சினிமா எடுக்கும் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்டால், அது பாதுஷாவின் புண்ணியம். தெற்கு மாசி வீதிப் பக்கம் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் பாதுஷா அவனுக்குப் பள்ளிக்கூடத்துச் சேக்காளி. பினாங்கிலிருந்து வந்த, பாதுஷா சச்சா என்று கூப்பிடும் அவன் சித்தப்பா, சாவி கொடுத்தால் ஓடுகிற ஒரு சின்னக் காமிராவையும், படம் காட்டும் மிஷினையும் விட்டுப் போயிருந்தார். சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத பிலிம். ஒரு ரீலுக்கு நாலு நிமிஷம். பேச்சும் கிடையாது, பாட்டும் கிடையாது. எடுத்ததைக் கழுவ பம்பாய்க்கு அனுப்பிவிட்டு, வாரக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தவசிக்கு அந்தக் காத்திருப்பே பிடித்துப்போயிற்று. கண்மாயில் குளிக்க மறுக்கும் காளையை எடுத்தான். பஸ்ஸைத் தவறவிட்டவன் ஓடுவதை எடுத்தான். பாதுஷா கடையின் பின்சுவரில் அவை ஓடியபோது இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

1979-இல் அவனுக்கு ஒரு கதை தோன்றியது. ஒரே சுவர், ஒரே ஸ்டூல். முதல் ரீலில் ஒரு பெண் பூவும் பொட்டுமாக உட்கார்ந்திருப்பாள். அடுத்த ரீலில் அதே பெண் அதே இடத்தில் வெள்ளைச் சேலையில் இருப்பாள். அவ்வளவுதான் கதை. நடுவில் போனது என்ன என்று பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும்.

மனைவி சின்னத்தாயிடம் கேட்டான். அவள் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, "உமக்கென்ன புத்தி பிசகிப்போச்சா?" என்று கத்தியதில் அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. கட்டுக்கழுத்தி எவளும் வெள்ளை கட்டி நடிக்கமாட்டாள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மிச்சமிருந்தவள் அக்கா சீனியம்மாள்.

அக்காவின் கதையைத்தான் எடுக்கக் கிளம்பியிருக்கிறோம் என்பது அவனுக்கே தெரியாது என்றால் நம்புவீர்களா? சத்தியமாகத் தெரியாது. கூடப் பிறந்தவர்களின் துக்கம் பழகிப்போனால் கண்ணில் படுவதில்லை. சீனியம்மாளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் முடியுமுன்பே புருஷன் லாரி கவிழ்ந்து செத்துப்போனான். அவனியாபுரத்திலேயே ஒற்றை அறை வீட்டில் இருந்துகொண்டு, அப்பளக் கம்பெனிக்கு அப்பளம் தேய்த்துப் பிழைத்தாள். வயது முப்பத்திரண்டு.

"வெள்ளச் சேல எனக்கென்னடா புதுசா?" என்றாள். மாவுக் கையைத் துடைத்துவிட்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்: "பூவு எம்புட்டு நேரம் வைக்கணும்?"

"நாலு நிமிசம்தான்க்கா."

"அம்புட்டுதானா?"

அப்பளப் பலகையை ஓரமாக ஒதுக்கினாள். "எங்க கல்யாணத்துக்குப் போட்டோக்காரன் வரல. சித்திரத் திருவிழாவுக்குப் போறப்ப ஸ்டூடியோவுல எடுத்துக்கிருவோம்னாரு. அதுக்குள்ள அவரு போயிட்டாரு. பூ வச்சு நான் எப்படி இருந்தேன்னு எனக்கே மறந்துபோச்சு தம்பி. படம் வந்தா எனக்கு ஒருக்கா காட்டுவியா?"

"ஒனக்குத்தான்க்கா மொதல்ல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசல் கதவைச் சாத்திவிட்டு, அக்கா வீட்டின் கொல்லைப்புறச் சுவர் அருகே ஸ்டூலைப் போட்டார்கள். சீனியம்மாள் பெட்டியின் அடியிலிருந்து அரக்கு நிறச் சேலையை எடுத்துக் கட்டினாள். தவசி வாங்கி வந்த மல்லிகையை வைத்தாள். குங்குமத்தைத் தொட்டுப் பொட்டு வைத்தாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். அக்காவுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதைத் தவசி காமிராவுக்குள்தான் பார்த்தான். நாலு நிமிஷமும் சாவியைக் கொடுத்துக் கொடுத்து எடுத்தான்.

ரீல் முடிந்ததும் அதை அதன் டப்பாவில் போட்டு மூடினான். எதிரே குங்குமத் தட்டு இருந்தது. கை பழக்கத்தில் போய், மூடியின் மேல் ஒரு பொட்டை வைத்துவிட்டது. வேலை முடிந்தது என்று அர்த்தம். அது அவனுக்குத்தான் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. புது ரீல் இருந்த இன்னொரு டப்பா பக்கத்தில் இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் குரல் கேட்டது. "மதினி! கதவத் திறங்க!"

கொழுந்தன் முத்திருளன். கொட்டாம்பட்டியிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை, அண்ணன் பங்குக்கு என்று கடலை மூட்டையோடு வருவான். நல்லவன்தான். ஆனால் குடும்ப மானம் முழுவதும் மதினியின் நெற்றியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறவன். தவசி ஓடிப்போய்க் கதவைத் திறந்து, மூட்டையை இறக்குவதும் மழையைப் பற்றி விசாரிப்பதுமாக அவனை வாசலிலேயே பிடித்து வைத்தான்.

உள்ளே சீனியம்மாள் பூவைப் பிய்த்துச் சாக்கடையில் போட்டாள். நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தட்டைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு துளி குங்குமம் அந்த வீட்டில் இருந்துவிடக்கூடாது. மூடியில் இருந்த பொட்டும் கண்ணில் பட்டது. ஈர முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டு, இரண்டு டப்பாவையும் உளுந்து மாவு டின்னுக்குள் புதைத்தாள்.

முத்திருளன் உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினான். "மல்லிப்பூ வாசம் வருது?"

"பக்கத்து வீட்டுக்காரி தொடுத்துக்கிட்டிருந்தா," என்றாள், வெள்ளைச் சேலையில் நின்றுகொண்டு.

அடுத்த ஞாயிறு வெள்ளைச் சேலைப் படம். அதே சுவர், அதே ஸ்டூல். இம்மி பிசகாமல் அதே இடத்தில் காமிராவை நிறுத்திவிட்டுத் தவசி கையை நீட்டினான். "அந்த டப்பாவ எடுக்கா." அவள் மாவு டின்னில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுத்தாள். தவசி மூடியைப் பார்த்தான். பொட்டு இல்லை, புதுசு. மாட்டி ஓட்டினான். எடுத்து முடித்ததும் அக்கா இரண்டு டப்பாவையும் துணிப்பையில் கட்டிக் கொடுத்தாள். பாதுஷா பார்சல் போட்டான்.

ஐந்து வாரம். பார்க்கும்போதெல்லாம் அக்கா, "பம்பாய்க்காரன் அனுப்பிட்டானா?" என்பாள். பார்சல் வந்த அன்றைக்குக் கம்பெனி வேலையைப் போட்டுவிட்டு, பஸ் ஏறித் தம்பியோடு போனாள். பாதுஷா கடையின் பின்னறை ஜன்னலைச் சாக்கால் மூடினான்.

முதல் ரீல் ஓடியது. கருப்பு. சுவர் முழுக்க நாலு நிமிஷமும் வெறும் கருப்பு.

"என்ன மாப்ள, காமிராவுக்குள்ள போகவே இல்ல போலிருக்கே இது," என்றான் பாதுஷா. இரண்டாவது ரீலை மாட்டினார்கள்.

ஸ்டூலில் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஒரே பிலிமில் இரண்டு தடவை வெளிச்சம் பட்டு வெளிறிப்போன படம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சீனியம்மாள். வெள்ளைச் சேலை அரக்குச் சேலையை அடித்து அழித்திருந்தது. நெற்றியில் பொட்டு கரைந்து போயிருந்தது. சிரிப்பின் மேல் சிரிக்காத வாய் வந்து மூடிக்கொண்டது. கருகருவென்ற தலைமுடியில் மட்டும் மல்லிகை அப்படியே எரிந்துகொண்டு நின்றது.

"பொட்டு வச்ச டப்பா எங்கதான் போச்சு?" தவசி வாய்விட்டுக் கேட்டான்.

"நான்தான் தம்பி தொடச்சேன்." இருட்டிலிருந்து அவள் குரல் வந்தது. "நீ எதுக்கு வச்சேன்னு எனக்குத் தெரியாது. வீட்டுல குங்குமம் இருக்கேன்னு பயந்து தொடச்சேன்."

ரீல் ஓடி முடிந்தது.

"இன்னொருக்கா ஓட்டுங்க பாதுஷா," என்றாள். மூன்று தடவை ஓட்டச் சொன்னாள். கடைசியில் எழுந்து முந்தானையைச் சரிசெய்தபடி, "சேல போச்சு, பொட்டு போச்சு. பூவு மட்டும் எப்படியோ தங்கிருச்சு," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தவசிக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"கவலப்படாதக்கா. திரும்ப எடுத்துருவோம்."

எடுக்கவில்லை. முதலில் ரீல் கிடைக்கவில்லை. பிறகு கோடையில் மோட்டார் வேலை குவிந்தது. பிறகு காமிராவின் ஸ்பிரிங் போயிற்று. அக்காவும் மறுபடி கேட்கவில்லை. கேட்காதவர்களுக்குச் செய்யவேண்டியதைத்தான் நாம் எல்லோரும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுகிறோம். 1984-இல் மஞ்சள்காமாலை வந்து பதினேழு நாளில் சீனியம்மாள் செத்துப்போனாள். அவள் கிடந்த வீட்டில் அப்பள மாவின் வாசனை அடித்ததைத் தவசியால் தாங்க முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டுமென்றார்கள். ஒரு போட்டோகூட இல்லை. தவசி அந்த ரீலிலிருந்து ஒரு கட்டத்தை வெட்டி, முத்திருளனையும் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனான். பெரிதாக்கிய படம் புள்ளி புள்ளியாக வந்திருந்தது. ஆனாலும் அக்காதான். படத்தைத் திருத்தி டச்சிங் செய்கிற ஆள் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, "தலையில என்னண்ணே, பூவா?" என்றான்.

முத்திருளன் முகம் சிறுத்தது. "தாலி அறுத்தவ தலையில பூவா? நாலு பேரு வந்து போற வீட்டுல இத எப்படி மாட்டுறது?" பிறகு குரலைத் தணித்துக் கேட்டான்: "எப்பய்யா வச்சாங்க மதினி?"

நான்தான் வைக்கச் சொன்னேன், அவள் ஆசைப்பட்டாள், அவளுக்கு மிச்சம் இந்த ஒன்றுதான் என்று சொல்ல வேண்டும். தவசி வாயைத் திறந்தான். ஸ்டூடியோவில் சுற்றி நின்ற நாலு பேர் அவனையே பார்த்தார்கள். செத்தவளைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று பயம் வந்தது. அன்றைக்கு ஈர முந்தானையோடு அக்கா பயந்த அதே பயம்.

"அது பிலிம்ல பட்ட அழுக்கு," என்றான். "அழிச்சுருங்க."

கருப்பு மையைத் தொட்டு அந்த ஆள் ஒவ்வொரு மொட்டாக மூடினான். அது முடிகிற வரை தவசி பக்கத்திலேயே நின்றான். அதற்குப் பிறகு அவன் காமிராவைத் தொடவில்லை. மோட்டார்களுக்குப் பொட்டு வைப்பதையும் விட்டுவிட்டான்.

பதினாறாம் நாள் படத்தைச் சுவரில் மாட்டினார்கள். மதினி படத்துக்கு என்று முத்திருளனே பூக்கடைக்குப் போய், நெருக்கிக் கட்டிய மல்லிகையாகப் பார்த்து இரண்டு முழம் வாங்கி வந்து போட்டான்.