சேவியர் அண்ணன் திரும்பப் போட்ட மஞ்சள்

சேவியர் அண்ணன் இறந்துவிட்டார். இன்று காலை, ஈப்போவில், தன் வீட்டில், தூக்கத்திலேயே. மகள் மேரி மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. தப்பாக நினைக்காதீர்கள்... இரண்டு வருஷமாக டயாலிசிஸ், அவர் பட்டது போதும். இன்னொரு காரணமும் இருக்கிறது. அதற்குத்தான் இந்தப் பதிவு.

பழைய டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். எண்பதுகளில் எங்கள் பக்கத்துக் கல்யாண ஆல்பம் பாதி அவர் எடுத்ததுதான். கலர் பிரிண்ட் போட வெளி லேபுக்குக் கொடுக்கமாட்டார். கடைக்குப் பின்னால் இருட்டறையில் தானே போடுவார்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. ஈய லம்பத்தில், அதாவது ஈயச் சுரங்கத்தில், எலெக்ட்ரிகல் டெக்னீஷியன். வாய் நீளம். இப்போதும்தான், கமெண்டில் யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம்.

லீவு நாளில் பறவை பார்ப்பேன். ரப்பர் பால் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்த ஒரு எஸ்டேட் ஓரம், கைவிடப்பட்ட லம்பக் குட்டை. சேற்றில் பூச்சி பொறுக்க உள்ளான்கள் கூட்டமாக வந்து இறங்கும்.

ஒரு ஞாயிறு காலை, அந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் உயரமாக... கால் பளீரென்று மஞ்சள். புத்தகத்தைப் புரட்டினேன். மஞ்சள்கால் உள்ளான். அமெரிக்காவில் இருக்க வேண்டியது. ஈப்போவில் அதற்கு என்ன வேலை?

வருஷா வருஷம் இங்கே வருகிற பொறி உள்ளானும் ஏறக்குறைய இதே சாயல்தான், கால் மட்டும் குட்டை, நிறமும் மங்கல். காலின் நீளத்தையும் நிறத்தையும் வைத்துத்தான் சட்டென்று பிரிக்க முடியும். என் பறவையோ முழங்கால் தண்ணீரில் நின்றது. ஆக, மிச்சம் நிறம் மட்டும்.

அளவு தெரியட்டும் என்று என் சேஃப்டி ஹெல்மெட்டைக் கரையில் வைத்துவிட்டுப் புல்லுக்குள் படுத்துக்கொண்டேன். டெக்னிகல் ஆள் இல்லையா. இரவல் லென்ஸில் ஒரு ரோல் முழுக்க எடுத்ததில் உருப்படியாக வந்தது ஒன்றே ஒன்று.

சேவியர் அண்ணன் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அவசரம். கவரில் போட்டு, கோலாலம்பூரில் பறவைப் பதிவுகளைச் சரிபார்க்கும் குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் படம் திரும்பி வந்தது, ஒரு கடிதத்தோடு. கால் சாம்பல் நிறமாகத் தெரிகிறதாம். பொறி உள்ளானாம். ஏற்க முடியாதாம்.

அப்போதுதான் படத்தைப் பார்த்தேன். கால் சாம்பல்தான்.

என் கண்ணையே நான் நம்பவில்லை. லம்பத்தில் எல்லோரிடமும் பெருமையடித்து வைத்திருந்தேன். “என்னாடா, ஒன் அமெரிக்காக்காரன் பாஸ்போர்ட் இல்லாம மாட்டிக்கிட்டானா?” என்று கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தார்கள்.

வேலை விட்டதும் நேராக ஸ்டூடியோவுக்குப் போனேன். ஒரு அம்மா மகளின் கல்யாண ஆல்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரிலேயே கத்தினேன்.

“என்னா பிரிண்ட்டுண்ணே இது? கண்ணு தெரியலன்னா கடைய மூடிட்டுப் போங்கலா!”

அந்த அம்மா ஆல்பத்தை மெதுவாக மூடினார்.

சேவியர் அண்ணன் படத்தை வாசலுக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“தம்பி, இந்தத் தொப்பி யாருது?”

“என்னுதுதான்.”

“என்னா கலரு?”

“மஞ்ச.”

“இதுல வெள்ளையால்ல இருக்கு?”

எட்டிப் பார்த்தேன். வெள்ளை. தினமும் என் தலையில் இருக்கிற ஹெல்மெட். அளவுக்கு என்று நானே வைத்தது. அதை நான் பார்க்கவே இல்லை...

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அலாமாக்... தப்பு என்னுதுதான்லா.”

நலங்கு வைத்த பெண்ணின் முகம் படத்தில் மஞ்சளாக விழும். “பொண்ணுக்குக் காமாலையான்னு மாப்ள வீட்டுல கேக்குறாங்க தம்பி” என்றார். அதனால் கல்யாணப் படம் என்றால் படம் பெரிதாக்கும் என்லார்ஜரில் மஞ்சள் ஃபில்டரைக் கூட்டி வைப்பார். ஃபில்டரில் மஞ்சள் கூடினால் பிரிண்டில் மஞ்சள் குறையும். அந்த வாரம் மூன்று கல்யாணம். அதே செட்டிங்கில் என் படத்தையும் போட்டுவிட்டார்.

“ஒன் குருவியையும் கல்யாணப் பொண்ணுன்னு நெனச்சிட்டேன்.”

முதலில் சிரித்தது அந்த அம்மாதான்.

“தொப்பிய வச்சிட்டுப் போ. அது மஞ்சளா வர்ற வரைக்கும் போடுறேன்.”

மறுநாள் ஹெல்மெட் இல்லாமல் வேலைக்குப் போய் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாயங்காலம் போனபோது கடை வாசலில் ஹெல்மெட்டும் ஐந்து பிரிண்டும் வரிசையாக இருந்தன. ஐந்தாவதில் படத்து ஹெல்மெட்டும் பக்கத்தில் இருந்த ஹெல்மெட்டும் ஒரே மஞ்சள். கால்... நான் பார்த்த அதே கால்.

அதை அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். கடிதத்தை மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே நாலு தடவை படித்தேன். அப்பாடா என்று இருந்தது.

சேவியர் அண்ணன் அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கடைக் கண்ணாடிக்குள் மணப்பெண்களுக்கு நடுவில் மாட்டினார். யாராவது கேட்டால், “அமெரிக்காப் பொண்ணு. நலங்கு வைக்காமலே மஞ்ச.”

ஆனால் அன்று கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் கேட்கலாம் என்று விட்டது, அப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அவர் கடையை மூடிய வருஷம், “நான் சொன்னதாலயா?” என்று பைத்தியக்காரத்தனமாக ஒரு நினைப்பு.

போன மாதம்தான் வீட்டுக்குப் போனேன். கட்டில் ஓரம் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

“அண்ணே, அன்னைக்கு நான் கத்துனது தப்புண்ணே.”

தலையணையில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். “நீ கத்துனியா? எனக்குத் தொப்பிதான்டா ஞாபகம் இருக்கு.”

அவ்வளவுதான். சொல்லிவிட்டேன், அவர் கேட்டுவிட்டார்.

சற்று முன் மேரி போன் செய்தாள். மாலை போட வைத்திருக்கும் அப்பா படம் பழசாகி மஞ்சளடித்துப் போயிருக்கிறதாம். பிரிண்ட் கடைப் பையன் அந்த மஞ்சளைக் கம்ப்யூட்டரில் எடுத்துவிடவா என்று கேட்கிறானாம்.

“கை வைக்க வேண்டாம்னு சொல்லும்மா. அப்படியே இருக்கட்டும்.”

போய் வாங்கண்ணே.