அத்தைக்குக் காட்டிய கடைசி இடம்

எங்கள் ஊரை யாராவது குறை சொன்னால் எனக்கு இன்றைக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். வேலையிடத்தில் கோலாலம்பூர்க்காரர்கள் என்னைச் சீண்டுவதற்கென்றே, "பினாங்குல சாப்பாட்டை விட்டா என்னலா இருக்கு?" என்பார்கள். நானும் ஒவ்வொரு முறையும் தவறாமல் சண்டைக்குப் போவேன். இந்தக் குணம் எனக்குப் பத்து வயதில், அத்தை வந்து போன வாரத்தில் ஒட்டிக்கொண்டது. இனி அது போகாது. போகவும் வேண்டாம்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா, கும்பகோணத்துக்காரர். அப்பா இளவயதில் லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடைக்கு வேலைக்கு வந்தவர். இங்குள்ள பைராம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். அந்தக் கல்யாணத்துக்கு அப்பா வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. விசா கிடைக்கவில்லை என்று அப்பா சொல்வார். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அம்மாவுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

அதனால், பள்ளி விடுமுறையில் அத்தையும் மாமாவும் முதன்முறையாக எங்கள் ஃப்ளாட்டுக்கு வருகிறார்கள் என்றதும் வீடே தலைகீழானது. திரைச்சீலை மாறியது. அப்பா முதலாளியின் வேனை இரவல் வாங்கினார். அம்மா அந்த வாரம் முழுவதும் லீவு எடுத்தார். இன்னொரு ஏற்பாடும் நடந்தது. வாசல் நடைபாதைக் கொடியில் எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும் அம்மாவின் நீல யூனிஃபார்ம் சட்டைகள் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போய், அலமாரியின் உச்சியில் ஏறின. ஏற்றியவர் அப்பா. அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். விருந்தாளி வந்தால் வீட்டை ஒழுங்குபடுத்தத்தானே செய்வார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அம்மா பாலத்துக்கு அக்கரையில், புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். கைப்பேசிக்குள் போகிற பொடிப்பொடிப் பாகங்களை உருப்பெருக்கிக்கு அடியில் வைத்துச் சோதிக்கும் பெண்கள் வரிசைக்கு அவர்தான் தலைவி. குடும்ப தினத்தன்று ஒருமுறை எங்களையும் உள்ளே விட்டார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பில் நின்றவர்களைப் பார்த்துவிட்டு, என் அம்மா விண்வெளிக்கு ஆள் அனுப்புகிறார் என்று பள்ளி முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கிய அத்தை, திங்கட்கிழமை காலையிலிருந்து ஊரைத் தோற்கடிக்கத் தொடங்கினார். கொடிமலைக்கு ரயிலில் ஏற்றிக்கொண்டு போனோம். "ஊட்டியப் பார்த்த கண்ணுக்கு இது எம்மாத்திரம்" என்றார். கடற்கரைக்குப் போனால் கடல் சின்னதாக இருந்தது. லிட்டில் இந்தியாவில் இறங்கியதும் சேலைக் கடைகளையும் பூக்கடையையும் பார்த்து, "நம்ம பெரிய கடைத்தெரு மாதிரிதான் இருக்கு. இதுக்கா ஏரோப்ளேன் ஏறி வந்தேன்" என்றார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சாப்பிடப் போனோம். மாமா, சோறு தெரியாத அளவுக்கு எல்லாக் குழம்பையும் ஊற்றச் சொல்லி, நெற்றி வியர்க்க, ஒரு வார்த்தை பேசாமல் தட்டைக் காலி செய்தார். எனக்கு மாமாவை அந்த நிமிஷத்திலிருந்து பிடித்துப்போனது. அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு பாவம், மாமா எதையும் ரசித்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லை.

வெளியே வந்ததும் நான் கையைக் காட்டி, "அத்தை, நம்ம கெரெத்தா அங்க பசார் பக்கத்துல நிக்குது" என்றேன்.

"பசாரா? கெரெத்தாவா? இது என்ன பாஷை? உங்கம்மா இப்படித்தான் சொல்லிக் குடுத்தாளா?"

அம்மா லேசாகச் சிரித்து வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தமிழ்ப் பள்ளியில் தமிழில் முதல் மாணவி நான். பசாருக்குச் சந்தை, கெரெத்தாவுக்கு வாகனம் என்பதெல்லாம் தலைகீழாகத் தெரியும். ஆனால் அந்த வினாடியில் ஒரு முடிவு எடுத்தேன்: அத்தை விமானம் ஏறும்வரை அந்தத் தமிழ்ச் சொற்கள் என் வாயிலிருந்து வராது. எடுத்த முடிவைக் காப்பாற்றவும் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை பாலம் வழியாக அக்கரைக்குப் போய், ஃபெரியில் திரும்பி வருவதாகத் திட்டம். பாலத்தின் நீளத்தைப் பார்த்து அத்தை கொஞ்சம் அசந்தார் என்றே நினைக்கிறேன். ஆனால் வாய் திறந்தபோது பாம்பன் பாலம்தான் வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கும்பகோணத்தில் இல்லாத ஒன்று, எங்களிடம் மட்டும் இருக்கிற ஒன்று, என்ன இருக்கிறது என்று மண்டையைக் குடைந்தேன். சட்டென்று பிடிபட்டது.

"அப்பா, புக்கிட் தெங்காவுக்குப் போலாம்லா. அத்தைக்கு அம்மாவோட ஃபேக்டரியக் காட்டலாம்."

அப்பா, "அது ரொம்ப தூரம்" என்றார். அப்போதுதான் புக்கிட் தெங்காவுக்குத் திரும்பும் பலகையைக் கடந்திருந்தோம்.

"ஃபேக்டரியா? ஆபீஸ் உத்தியோகம்னுதானே சொன்னே தம்பி?" என்றார் அத்தை.

"ஃபேக்டரிக்குள்ள ஆபீஸ் இருக்குக்கா" என்றார் அப்பா.

"இல்ல அத்தை, அம்மா ஆபீஸ் இல்ல, லைன்ல" என்று நான் திருத்தினேன். "லீடர். யூனிஃபார்ம்கூட இருக்கு. அப்பாதான் அலமாரி மேல வச்சிட்டாரு."

அப்பாவின் காது சிவந்ததை நான் பின் இருக்கையிலிருந்து பார்த்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை, "ஓ, அப்படியா" என்று மட்டும் சொன்னார். ஃபெரியில் யாரும் கடலைப் பார்க்கவில்லை. நல்லதைத்தானே சொன்னேன், எதற்கு எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அன்று சாயங்காலம் நான் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து அம்மாவின் தோளில் கைவைத்தார். குரல் கனிவாகத்தான் இருந்தது.

"தப்பா எடுத்துக்காதேம்மா. எம்பொண்ணுக்கு இப்பதான் சம்பந்தம் பேசிட்டிருக்கோம். தம்பி பொண்டாட்டி சட்டை மாட்டிக்கிட்டு ஃபேக்டரிக்குப் போறான்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. ஆபீஸ்னே இருந்துட்டுப் போகட்டும். இங்க வந்து யாரு பார்க்கப் போறாங்க?"

அம்மா சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"காலையில எத்தன மணிக்கு எழுந்திருப்பீங்க அண்ணி?"

"அஞ்சுக்கெல்லாம் முழிச்சிருவேன். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்" என்றார் அம்மா.

மறுநாள் நான் எழுந்து வந்தபோது அத்தையும் மாமாவும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அறையிலிருந்து அம்மா வந்தார். நீல யூனிஃபார்ம். பையில் கசங்கிக் கிடந்த சட்டை, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டிருந்தது. கழுத்தில் படம் போட்ட அட்டை, காலில் கறுப்புச் சப்பாத்து. நெற்றியில் வழக்கத்தைவிடப் பெரிய பொட்டு. அப்பா வாயைத் திறந்தார். அம்மா அவரைப் பார்த்தார். அப்பா வாயை மூடிக்கொண்டார்.

"அண்ணி, நான் வேலைக்குக் கிளம்புறேன். ஊரெல்லாம் சுத்திப் பார்த்தீங்க, இது ஒண்ணுதான் பாக்கி. கீழ வாங்க, பஸ் வந்துரும்."

கேட்டது போலத்தான் இருந்தது. ஆனால் மாட்டேன் என்று சொல்ல அதில் இடமில்லை. மின்தூக்கியில் எல்லோரும் இறங்கினோம். அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றார். ஃப்ளாட் வாசலில் இருந்தவர்கள் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பார்த்தார்கள்தான். எல்லோருக்கும் அம்மாவைத் தெரியும். இவர் யார் என்றுதான் அத்தையைப் பார்த்தார்கள்.

தொழிற்சாலை பஸ் வந்து நின்றது. ஜன்னல் ஜன்னலாக நீலச் சட்டைகள்: மலாய்க்காரப் பெண்கள், சீனப் பெண்கள், தமிழ்ப் பெண்கள், நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள். அம்மா அத்தையின் கையைப் பிடித்துப் பஸ் படிக்கட்டுவரை கூட்டிக்கொண்டு போய், தமிழிலும் மலாயிலும் உரக்க அறிமுகம் செய்தார். "எங்க வீட்டுக்காரரோட அக்கா. இந்தியாவிலேர்ந்து என்னைப் பார்க்க வந்திருக்காங்க." பஸ்ஸே கையாட்டியது. ஒரு மலாய்க்கார அக்கா ஜன்னல் வழியே குனிந்து, இலையில் சுற்றிய பலகாரம் ஒன்றை அத்தையின் கையில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல அத்தைக்கு நேரம் கிடைக்கவில்லை.

அம்மா ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் போய்விட்டது.

அத்தை கையிலிருந்த பலகாரத்தைப் பார்த்தார். பிறகு, "எங்க ஊர்ப் பக்கம்கூட கம்பெனி பஸ் வருது" என்றார். குரலில் பழைய பலம் இல்லை.

"வந்தா வரட்டும் அத்தை. அதுல எங்கம்மா இருக்க மாட்டாங்கல்ல" என்றேன்.

பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசினால் தொடையில் கிள்ளும் அப்பா, அன்றைக்குக் கிள்ளவில்லை. மாமா அத்தையின் கையிலிருந்த பலகாரத்தை எடுத்துப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். மேலே வந்ததும் அப்பா நாற்காலி போட்டு ஏறி, அலமாரி உச்சியிலிருந்த பையை இறக்கினார். மிச்சச் சட்டைகளை உதறி, வாசல் கொடியில் ஒவ்வொன்றாக மாட்டினார். காய்ந்த சட்டையை எதற்கு மறுபடி காயப்போடுகிறார் என்று நான் கேட்டேன். அவர் அடுத்த சட்டையை எடுத்து உதறினார்.

எனக்கு அன்றைக்கு இருந்த வருத்தமெல்லாம் வேறு. விருந்தாளிகளோடு இன்னும் கொஞ்ச நாள் சுற்றலாம் என்றிருந்த அம்மாவுக்கு அதற்குள் லீவு முடிந்துவிட்டதே, பாவம், என்றுதான் நினைத்தேன். நானே வேலைக்குப் போய், ஒரு நாள் லீவுக்காக மேலாளரிடம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் காலம் வந்தபோதுதான் அந்த வாரத்தை நினைத்துப் பார்த்தேன். அம்மா பஸ் ஏறியது புதன்கிழமை. அவருடைய லீவு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இருந்தது.