கெட்டிமேளத்துக்குள் ஒளித்த ஜாஸ்

கல்யாண பேண்டில் டிரம்பெட் ஊதுகிறவனை எல்லோரும் பார்ப்பார்கள். அவன் என்ன ஊதினான் என்று யாருக்கும் தெரியாது. ஐம்பதுகளில் செங்கல்பட்டு பேண்டு செட் ஒன்றில் இருந்தேன். ரயில்வே கார்டாக இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியர் வீட்டு கிராமபோனில் கேட்டு எனக்கு ஜாஸ் பைத்தியம் பிடித்தது. ஒருதரமாவது அதை வாசிக்க வேண்டும், வாசித்தது நான்தான் என்று தெரிந்து ஒருவராவது கேட்க வேண்டும். வாத்தியத்தோடு அலைந்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

திரைக்குப் பின்னால்

ரயில்வே கிளப்பில் கிறிஸ்துமஸ் நடனம். வழக்கமாக ஊதுகிறவருக்குக் காய்ச்சல் என்று கார்டு என்னைக் கூப்பிட்டார். என்னிடம் இருந்ததோ ஜரிகை வைத்த சிவப்பு பேண்டு கோட்டு. மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி இருக்கிறதென்று திரைக்குப் பின்னால் நிற்க வைத்துவிட்டார்கள். உயிரைக் கொடுத்து ஊதினேன். சோடா கொண்டுபோன பட்லர் திரைக்கு அந்தப் பக்கமிருந்தே சொன்னார்:

"ரெக்கார்டு சோக்கா கீது. திருப்பி அதையே போடுப்பா."

சதுரங்கப்பட்டினம் கரையில்

வீட்டில் ஊதினால் அக்கம்பக்கத்தில் சண்டை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து சதுரங்கப்பட்டினம் போய்க் கடலைப் பார்த்து ஊதுவேன். ஒருநாள் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் வேலையை விட்டுவிட்டு அசையாமல் நின்றார். ரசிகர் கிடைத்துவிட்டார் என்று நினைத்து இன்னும் குழைத்து ஊதினேன். முடித்ததும் கிட்டே வந்தார்.

"அண்ணாத்த, இன்னாத்துக்கு இம்மாந்தூரம் வந்து ரிப்பேர் பாத்துகினு கீற? டவுன்லயே சரி பண்ணிக்கலாமே."

திருக்கழுக்குன்றம் முகூர்த்தம்

தாலி ஏறும்போது தும்மல், அபசகுனப் பேச்சு எதுவும் காதில் விழக்கூடாது. அதற்குத்தான் கெட்டிமேளம். நாயனம், தவிலோடு பேண்டும் சேர்ந்து முழக்கும். அந்த இரைச்சலில் யார் என்ன ஊதினாலும் கேட்காது. என் ஜாஸை அதற்குள்தான் ஒளித்து வைத்திருந்தேன். கல்யாணத்துக்குக் கல்யாணம் அந்தச் சில நிமிஷம் என்னுடையது.

திருக்கழுக்குன்றத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஊதிவிட்டேன். ஐயர் கை காட்டியதும் மேளம் நின்றது எனக்குத் தெரியவில்லை. அமைதியான பந்தலில் என் ஜாஸ் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தால் மணமக்கள் உட்பட எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். பேண்டு மாஸ்டர் முகம் என் கோட்டைவிடச் சிவப்பு. சட்டென்று வாயிலிருந்து டிரம்பெட்டை எடுத்தேன். தவில்காரர் மட்டும், இறக்கி வைத்த தவிலை மறுபடி மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"இன்னாத்துக்கு நிறுத்தற? நீ ஊது, நான் கீறேன்."

மறுநாளே மாஸ்டர் அந்தச் சிவப்புக் கோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். வேலை போன அன்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்த ஒரே டிரம்பெட்காரன் நானாகத்தான் இருப்பேன்.